லைடன் தீவின் செம்மறிகள்

வேலணையைச் சேர்ந்த ஒருவர், இப்பொழுது ஐரோப்பாவின் வடபுலத்தில் வாழ்பவர், அண்மையில் எனக்கு ஒரு மடல் எழுதியிருந்தார். ஓய்வுபெற்றபின் வீட்டின் பின்புறத்திலுள்ள சிறு நிலத்தில் ஆறு செம்மறிகளை வளர்ப்பதாகவும், மாலை வேளைகளில் அவற்றையே ஓவியமாகத் தீட்டிவருவதாகவும் குறிப்பிட்டிருந்தார். இறுதியில் இரண்டு கேள்விகள். எங்கள் ஊரின் செம்மறி எங்கிருந்து வந்தது? அதை யாரேனும் எப்பொழுதாவது வரைந்திருக்கிறார்களா?

முதற் கேள்விக்கு ஓரளவு விடை கூறலாம். இரண்டாவது கேள்வி என்னை நெடுந்தூரம் இழுத்துச் சென்றுவிட்டது. அந்தப் பயணத்தின் பதிவே இக்கட்டுரை.

இலங்கைக்கே உரிய செம்மறியினம் ஒன்றுதான் உண்டு. அது யாழ்ப்பாணத்தின் பெயராலேயே கால்நடை நூல்களில் குறிக்கப்படுகிறது. சிறிய உடல், மெல்லிய வால், குட்டையான முரட்டு மயிர். வெள்ளை, தவிட்டு நிறம், கறுப்பு, இவை கலந்த புள்ளிகள் எனப் பல நிறங்கள். கம்பளிக்கு உதவும் உரோமம் இதற்குக் கிடையாது. தென்னிந்தியாவின் செம்மறியினங்களோடு இதற்கு நெருங்கிய உறவு உண்டு என்பது ஆய்வாளர் கருத்து. வேம்பூர், கீழக்கரிசல், இராமநாதபுரம் வெள்ளை என்று தமிழகத்தின் தென்மாவட்டங்களில் வழங்கும் இனங்களும் கம்பளி தராதவையே. பாக்கு நீரிணையின் இருகரைகளிலும் வெயில் ஒன்று, வரட்சி ஒன்று, வாழும் ஆடும் ஏறத்தாழ ஒன்று.

யாழ்ப்பாணத்தில் ‘ஆடு’ என்று மட்டும் சொன்னால் அது வெள்ளாட்டையே குறிக்கும். மற்றையதைச் ‘செம்மறி’ என்று தனியே சொல்ல வேண்டும். தூரத்தில் நிற்பது எதுவென்று அறிய எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாலைப் பார்க்கச் சொல்வார்கள். வெள்ளாட்டின் வால் நிமிர்ந்து நிற்கும். செம்மறியின் வால் தொங்கும். படம் வரையப் பழகும் பிள்ளைகளுக்கும் இதுவே முதற் பாடமாக இருக்கத் தக்கது.

சொற்களைப் பொறுத்தமட்டில் தமிழுக்குப் பஞ்சமில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் ஆட்டின் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்களைத் தருகிறது. பெண்ணுக்கு மூடு, கடமை என்பன. ‘மறி’ என்பது அங்கே குட்டிக்குரிய பெயர். யாழ்ப்பாணத்தில் அதே சொல் பெண் ஆட்டைச் சுட்டி இன்றும் உயிரோடு இருக்கிறது. முல்லைத் திணையின் இடையனும் அவனது மந்தையும் இல்லாமல் சங்கப் பாடல்களின் நிலக்காட்சி நிறைவுபெறாது. அந்நிலக்காட்சியை ஆராய்ந்து உலகுக்கு ஆங்கிலத்தில் எடுத்துரைத்த தனிநாயகம் அடிகளார் 1913 இல் பிறந்தது வேலணை அமைந்துள்ள அதே தீவின் கரம்பனிலே என்பது எம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

வேலணையின் நிலத்தைப் பாராதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஊரின் விளிம்புகளில் உவர் கலந்த வெட்டவெளிகள் கிடக்கின்றன. மாரியில் நீர் நிற்கும். அது வற்றியதும் குட்டைப்புல் படரும். இவற்றைத் ‘தரவை’ என்போம். மழைக்காலம் முடிந்து சில மாதங்கள் தரவைதான் கால்நடைகளுக்கு உணவு. கோடையில் புல் கருகிவிட்டால் பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் குழையாக வெட்டப்பட்டு வேலியோரத்திலிருந்து கொட்டிலுக்குப் போகும். உள்நிலத்திலோ தோட்டச்செய்கை. அதிற் புகையிலை முதன்மையானது. யாழ்ப்பாணப் புகையிலை ஒரு காலத்தில் திருவிதாங்கூர்வரை கப்பலேறியது. அந்தப் புகையிலை குடித்த எருவில் ஆட்டெருவுக்கும் பங்குண்டு. இரவில் ஆடுகளைத் தோட்டத்தில் பட்டி அடைத்து, சில நாட்களில் பட்டியை இடம்மாற்றிக் கட்டி, நிலம் முழுவதையும் உரமேற்றும் முறை இது. தமிழகத்தில் ‘கிடை போடுதல்’ என்பர். இறைச்சிக்காகவே செம்மறி வளர்க்கப்பட்டது என எண்ணுவோர் இந்த எருவின் கணக்கை மறந்துவிடுகின்றனர்.

இனி வரலாற்றுக்கு வருவோம். தீவகத்தின் மிருகங்கள் கல்வெட்டில் ஏறியது 12 ஆம் நூற்றாண்டில். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஊராத்துறை என்ற துறைமுகத்தைக் குறிப்பிடுகிறது. அதுவே இன்றைய ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவர்க்கு. வாணிபச் சரக்கேற்றிய கப்பலானால் செம்பாதி என்பது அதன் விதி. போர்த்துக்கேயர் நெடுந்தீவைப் ‘பசுக்களின் தீவு’ என்று தம் மொழியில் அழைத்தனர். ஒல்லாந்தர் காலத்தில் அதே தீவு குதிரை வளர்ப்புக்குப் பெயர்பெற்றது. யானை, குதிரை, பசு ஆகிய மூன்றும் இவ்வாறு ஆவணத்தில் இடம்பிடித்தன. எனக்குத் தெரிந்த அளவில், செம்மறிக்கு அவ்வாறு ஒரு வரி கிடைக்கவில்லை. ஆண்டவர்களுக்குத் தேவைப்பட்ட மிருகமே ஆவணத்தில் ஏறுகிறது. ஏழையின் கொல்லையில் நின்ற மிருகம் ஏறுவதில்லை.

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று, புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட், நயினாதீவு ஹார்லெம், வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய தீவு லைடன். இப்பெயர்களில் முதல் நான்கும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆறு சபைகளுள் நான்கு வீற்றிருந்த நகரங்களுடையவை. ஹார்லெமும் லைடனும் அந்த வரிசையில் வருவன அல்ல. அவை துணி நகரங்கள். ஹார்லெம் சணல்நூற் துணிக்கும் அதன் வெளுப்புக்கும் பெயர்போனது. லைடன் கம்பளித் துணியின் தலைநகரம். அதாவது, எங்கள் தீவுக்குக் கிடைத்தது செம்மறி உரோமத்தால் செல்வம் கண்ட ஒரு நகரின் பெயர்!

பெயர் சூட்டிய அதிகாரி இதையெல்லாம் எண்ணியிருப்பார் என்று நான் கூறவில்லை. ஆனால் அந்தப் பெயர் வழியாக லைடனுக்குள் நுழைந்தால் எங்களுக்குப் பழக்கமான ஒரு கதை எதிர்ப்படுகிறது.

ஸ்பானியப் படையின் முற்றுகையிலிருந்து லைடன் 1574 ஒக்டோபர் 3 இல் விடுபட்டது. அடுத்த ஆண்டே அங்கு பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தெற்கே பிளாண்டர்ஸ் பகுதியில் மதத் துன்புறுத்தலுக்கும் போருக்கும் அஞ்சி ஓடிவந்த நெசவாளர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அந்நகரில் குடியேறின. அவர்கள் தம்மோடு கொண்டுவந்தது தொழில். ஏதிலிகளின் கைத்திறனால் நகரம் வளர்ந்தது. 1664 இல் 1,40,000 இற்கும் மேற்பட்ட துணிச்சுருள்கள் அங்கு உற்பத்தியாயின. எங்கள் தீவுக்கு அந்நகரின் பெயர் சூட்டப்பட்டது அதன் தொழில் உச்சத்தை நெருங்கிய காலத்திலேயே. பதினெட்டாம் நூற்றாண்டில் அத்தொழில் சரிந்தது. 1795 இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாநாட்டுக்காக நெதர்லாந்து சென்றிருந்தபோது லைடனில் ஒரு பகற்பொழுதைச் செலவிட்டேன். 1640 இல் துணிகளைச் சோதித்து முத்திரையிடுவதற்காகக் கட்டப்பட்ட லாகன்ஹால் என்ற மாளிகை 1874 முதல் நூதனசாலையாக விளங்குகிறது. அங்கே ஐசக் வான் சுவானன்பர்க் என்ற ஓவியர் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் தீட்டிய பெரும் ஓவியத் தொடர் ஒன்று இருக்கிறது. தோலிலிருந்து உரோமம் பறித்தல், கழுவுதல், தரம்பிரித்தல், நூற்றல், நெய்தல், சாயமிடல் எனக் கம்பளியின் முழுப் பயணமும் அதில் உண்டு. ஒரு நகரம் தன் பிழைப்பை இவ்வளவு பொறுமையோடு படமாக்கிவைத்திருக்கிறதே என்று வியந்து நின்றேன். ஐசக்கின் மகன் யாக்கோப்தான் லைடனில் 1606 இல் பிறந்த ரெம்பிராண்டின் முதல் ஆசிரியர். ஆலைக்காரனின் மகனான ரெம்பிராண்ட் அவரிடம் ஏறத்தாழ மூன்றாண்டுகள் பயின்றார்.

மிருகங்களையே தன் வாழ்நாட் பொருளாகக் கொண்ட இன்னொரு ஓவியர் பவுலஸ் பொட்டர். 1625 இல் பிறந்து சிறுவயதில் சிலகாலம் லைடனில் வளர்ந்தவர். இருபத்தெட்டாவது வயதிலேயே இறந்துபோனார். அவர் 1647 இல் தீட்டிய ‘காளை’ என்ற ஓவியம் ஹேக் நகரின் மொரிட்ஸ்ஹுயிஸ் நூதனசாலையில் தொங்குகிறது. அகலம் மூன்று மீற்றருக்கும் மேல். பெயர் காளைக்கு உரியதாயினும், மரத்தடியில் இடையனுக்கு அருகே ஒரு கிடாயும் பெண் செம்மறியும் குட்டியும் ஒரு குடும்பமாக இருப்பதைக் காணலாம். அரசர்களுக்கும் போர்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்த அளவிலான திரையைப் பொட்டர் கொட்டில் மிருகங்களுக்குக் கொடுத்தார். பிரெஞ்சுப் படைகள் 1795 இல் அந்த ஓவியத்தைப் பாரிசுக்குக் கொண்டுசென்றன. 1815 இல் அது வீடு திரும்பியது.

மடல் எழுதிய நண்பரைப் போல, வளர்த்து வரைந்தவர்களும் உண்டு. அவர்களுள் முதன்மையானவர் பிரான்சின் ரோசா பொனர் அம்மையார் (1822–1899). வறுமையில் வாடிய இளமையில், பாரிசில் ஆறாம் மாடி வீட்டில், அவர்களது குடும்பம் ஒரு செம்மறியை வளர்த்தது. அதைத் தம்பியர் தோளில் சுமந்து படியிறங்கி மேய்த்துவருவார்களாம். மாட்டுச் சந்தைகளுக்கும் கொலைக்களங்களுக்கும் சென்று வரைவதற்கு வசதியாக ஆணுடை அணிய அவர் பொலிசாரிடம் அனுமதிப்பத்திரம் பெற வேண்டியிருந்தது. 1857 ஆம் ஆண்டின் பத்திரம் இன்றும் உள்ளது. பின்னாளில் ஃபொந்தென்புளோ காட்டருகே மாளிகை வாங்கி, செம்மறி முதல் சிங்கம் வரை வளர்த்து வரைந்தார்.

ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர் 1972 இல் தம் பணிக்கூடச் சாளரத்துக்கு வெளியே மேய்ந்த செம்மறிகளைக் கோட்டோவியங்களாக்கினார். முதலில் அவை உருவமற்ற கம்பளிப் பந்துகளாகவே தோன்றினவாம். பார்க்கப் பார்க்கத்தான் உள்ளிருக்கும் உடலின் அசைவு புலப்பட்டதாம். எங்கள் செம்மறியை வரைபவனுக்கு இந்தத் திரை இல்லை. விலாவெலும்பு, முழங்கால், வயிற்றின் சரிவு எல்லாமே வெளியே தெரியும். கோடை எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதை அந்த உடலே சொல்லிவிடும்.

ஒல்லாந்தின் அன்ரன் மோவ் (1838–1888) மந்தைகளைத் தீட்டுவதில் பெயர்பெற்றவர். வான்கோவுக்கு உறவினரும் சிலகால ஆசிரியருமாவார். அவருடைய படங்களை விரும்பி வாங்கிய அமெரிக்கச் சந்தையில் ‘வரும் ஆடுகள்’, ‘போகும் ஆடுகள்’ என இரு விலைகள் நிலவியதாகச் சொல்வர். முகம் தெரிய வரும் ஆடுகளுக்கு விலை அதிகம். முதுகு காட்டிப் போகும் ஆடுகளுக்குக் குறைவு.

நம்மவர் செம்மறியை வரைந்தார்களா என்ற கேள்விக்கு இப்பொழுது வருகிறேன்.

ஊர்காவற்றுறை, நாரந்தனை, கரம்பன், அல்லைப்பிட்டி ஆகிய கத்தோலிக்க ஊர்களில் நத்தார்க் காலத்தில் பாலன் குடில் அமைப்பார்கள். அதில் வைக்கப்படும் சுரூபச் செம்மறிகள் வெண்மையாய், சுருள்சுருளான கம்பளியோடு இருக்கும். சிறுவயதில் அவற்றை நாங்கள் வேறொரு மிருகமென்றே கருதினோம். வெளியே வேலியில் கட்டிநின்ற தவிட்டுநிற மெலிந்த உயிருக்கும் அதற்கும் என்ன உறவு என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. சைவக் கோவில்களிலோ முருகனுக்கு ஆட்டுக்கடா வாகனம் உண்டு. நாரதரின் வேள்வியில் தோன்றி உலகைக் கலக்கிய கடாவை முருகன் அடக்கி ஊர்தியாக்கிக்கொண்ட கதை யாவரும் அறிந்ததே. நல்லூர் முதலிய யாழ்ப்பாணத்து முருகன் கோவில்களில் அந்த மரக்கடாவுக்கு வண்ணம் தீட்டிப் புதுக்குவார்கள். முறுக்கிய கொம்பு, உருண்ட விழி, பாயும் முன்கால்கள்: அது வீரத்தின் வடிவம். இரண்டுமே அழகுதான். இரண்டிலும் எங்கள் தரவைச் செம்மறி இல்லை.

ஆனால் அது வண்ணத்தையே அறியாத உயிருமன்று. தைப்பொங்கலின் மறுநாள் பட்டிப்பொங்கல். தமிழகத்தார் மாட்டுப்பொங்கல் என்பதை நாங்கள் பட்டியின் பெயரால் அழைக்கிறோம். எங்கள் வீட்டில் அன்று மாட்டோடு ஆடும் குளிக்கும். நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் ஏறும். மஞ்சளோடு சுண்ணாம்பைக் குழைத்தால் சிவப்புப் பிறக்கும். அதைச் சிரட்டையின் விளிம்பில் தோய்த்து உடலில் வட்டம் வட்டமாக ஒற்றிவிடுவோம். வெள்ளைச் செம்மறிக்குத்தான் அது எடுப்பாக இருக்கும். மற்ற நாட்களில் நிறத்துக்கு வேறு வேலை. மாட்டுக்குக் குறிசுடுவார்கள், ஆட்டுக்குக் காதில் வெட்டு. தமிழகத்தில் பெருமந்தை வைத்திருப்போர் முதுகில் சாயக்குறி இட்டு இன்னாருடையது என்று அடையாளம் காண்பர். இங்கிலாந்தில் கிடாயின் மார்பில் செங்காவி பூசிவிடுவார்கள். அது கூடிய பெண் ஆட்டின் முதுகில் காவி படிந்திருக்கும். அதைக் கொண்டு ஈனும் காலத்தைக் கணிப்பார்கள். ஊரூராகச் சென்று இந்தக் காவியை விற்பவன் ஒருவன் தோமஸ் ஹார்டியின் 1878 ஆம் ஆண்டு நாவல் ஒன்றில் முக்கிய பாத்திரமாகவே வருகிறான்.

ஆகவே என் விடை இதுதான்: நாங்கள் செம்மறியைப் படமாக வரையவில்லை; செம்மறியின் மேலேயே வரைந்தோம். மழை பெய்தால் அழியும் ஓவியம் அது. அடுத்த தையில் மறுபடியும் வரைந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையில் தீட்டப்பட்டது.

அந்த நம்பிக்கைக்குத் தமிழரிடம் ஒரு பழைய பெயர் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் கோவிலுக்கு ஒரு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. பசுவானால் 48, எருமையானால் 16. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையன் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. இறக்காத, மூப்படையாத ஆடு! கிழடும் நோயும் கழிய, குட்டிகள் அந்த இடத்தை நிரப்ப, எண்ணிக்கை என்றும் 96 ஆகவே நிற்கும். தனி ஆடு சாகும், மந்தை சாகாது. மந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவன் அங்கே இருக்கும்வரை.

1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியது. மக்கள் கடலைக் கடந்து குடாநாட்டுக்குள் ஓடினார்கள். 1991 இல் மீண்டும் படையெடுப்பு. மீண்டும் இடப்பெயர்வு. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்திலிருந்து நிகழ்ந்த பெரும் வெளியேற்றத்தில், தீவகத்திலிருந்து ஏற்கெனவே ஒருமுறை வந்தவர்களும் அகப்பட்டார்கள். படகில் ஆளுக்கே இடம் போதாத பொழுதில் ஆட்டுக்கு ஏது இடம்? புறப்படுமுன் கயிற்றை அவிழ்த்துவிட்டோம். எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. அவிழ்த்துவிட்டதும் அவை ஓடவில்லை. குழை வரும் என்று வேலியோரமே நின்றன. ரெம்பிராண்டின் 1634 ஆம் ஆண்டுச் செதுக்கோவியம் ஒன்றில் வானில் திடீரென ஒளி வெடிக்க, இடையரும் மந்தையும் வெருண்டு சிதறுகின்றனர். அதைப் பார்த்தபோது எனக்கு வேலணையே நினைவுக்கு வந்தது. ஆனால் எங்கள் ஆடுகள் அப்படிச் சிதறவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. முதுகு காட்டிப் போனவர்கள் நாங்கள்.

மக்கள் திரும்பி வந்தபோது பற்றை மண்டிய வளவுகளில் உரிமையாளரற்ற கட்டாக்காலி மாடுகள் திரிந்தன. மாடு காட்டு வாழ்வுக்கு ஈடுகொடுத்துவிடுகிறது. நாய்க்கும் வரட்சிக்கும் முன்னே செம்மறியால் அவ்வளவு காலம் நின்றுபிடிக்க இயலாது. இன்று தீவகத்தில் செம்மறி வளர்ப்போர் இல்லாமல் இல்லை. தரவையும் இருக்கிறது. ஆயினும் வேறு வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட தலைமுறைகளுக்கு இடையே, எந்த ஆட்டுக்கு எந்தக் குறி, எந்தப் பட்டி எந்தத் தோட்டத்தில் எத்தனை இரவு என்று சொல்லக்கூடியவர்கள் அருகிவருகின்றனர். மந்தையைவிட விரைவாக அழிவது மந்தை பற்றிய அறிவு.

பிளாண்டர்ஸ் நெசவாளர்கள் லைடனுக்குக் கொண்டுசென்றது தம் கைத்தொழிலை. அந்நகரம் அதைச் சுவரில் தீட்டிவைத்ததால் நானூறு ஆண்டுகளின் பின் வேலணையான் ஒருவன் போய்ப் பார்க்க முடிந்தது. எங்களிடம் அவ்வாறு தீட்டிவைத்த சுவர் இல்லை. ஆனால் புகைப்படங்கள் இருக்கின்றன. கனடாவிலும் பிரான்சிலும் சுவிசிலும் நோர்வேயிலும் பெட்டிகளுக்கடியில் கிடக்கும் 1990 இற்கு முந்திய படங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சாமத்தியவீட்டுப் படம், கோவில் திருவிழாப் படம், புது வீட்டின் முன்னால் குடும்பமாக நிற்கும் படம். ஓரத்தில், வேலியடியில், யாரும் படமெடுக்க எண்ணாத ஒன்று நின்றிருக்கலாம். வால் தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்குமாயின் படத்தின் பின்புறத்தில் ஊரையும் ஆண்டையும் எழுதி, அது யார் வீட்டு ஆடு என்பதையும் எழுதிவையுங்கள். அதைச் சரியாகச் சொல்லக்கூடிய அம்மாவோ அப்பாச்சியோ உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.